கேபிள் மேல் போட்ட பழி

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வாசுவோடு பேரம் பேசித் தப்பித்த ஆள் கிடையாது. பூக்காரம்மாவிலிருந்து பேங்க் மேனேஜர் வரைக்கும், எதிரே நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் "சரி, கடைசியா சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் விஜயதசமிக் காலையில், தன் கடையின் பின்கட்டில், ஒரு கறுப்புப் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த அந்த ஹார்ட் டிஸ்க் எதற்கும் இறங்கி வருவதாக இல்லை.

"இன்னொரு தடவை சொருகிப் பாரும்மா."

மருமகள் நட்டாலி சொருகினாள். மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. அடுத்த மூச்சிலேயே 'டுங்' என்று இறங்கியது. டிஸ்க்கின் ஓரத்தில் நீல விளக்கு ஒருதரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்தது.

"என்னவாம்?"

"இது என்ன சாமான்னே எனக்குத் தெரியலைங்குது மாமா."

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுதே?"

"முந்தாநாள் வரைக்கும்," என்றாள் நட்டாலி. "நேத்துதான் பூசைக்கு எடுத்து வெச்சோமே."

கம்ப்யூட்டரின் முன்பக்க ஓட்டையில் சொருகினாள்; வேலைக்காகவில்லை. மேசைக்கடியில் குனிந்து பின்பக்க ஓட்டையில் சொருகினாள்; அதே டிங், அதே டுங். கம்ப்யூட்டரை அணைத்து, எல்லாவற்றையும் பிடுங்கி, ஒரு கோப்பி குடிக்கிற நேரம் சும்மா விட்டு, மறுபடி போட்டாள். கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக எழுந்தது. டிஸ்க் மட்டும் எழவில்லை.

அந்த டிஸ்க்குக்குள்தான் கடையே இருந்தது. முன்பக்கம் துணி விற்கிற கடை, பின்பக்கம் ரவிக்கைக்கு எம்பிராய்டரி போடுகிற கம்ப்யூட்டர் மெஷின். முதுகுக்கு மயில், கைக்கு மாங்காய், கழுத்தைச் சுற்றிக் கோபுரம் என்று நட்டாலி வரைந்த டிசைன் அத்தனையும் அதில் இருந்தது. கம்ப்யூட்டர் நிறைந்து வழிந்ததால் அவள்தான் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். "இன்னொரு டிஸ்க் வாங்கி ஒரு காப்பி வெச்சுக்கலாம் மாமா" என்று அப்போதே சொன்னாள். "தீபாவளி முடியட்டும்மா" என்று வாசு சொன்னார். இப்போது தீபாவளி வாசலில் நிற்கிறது. தீவின் மறுகோடியான பாலிக் புலாவிலிருந்துகூட ஆட்கள் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முன்பக்கத்திலிருந்து வாசுவின் மனைவி ஜெயலெட்சுமி வந்தாள். கடை பேர்ப்பலகையில் இருப்பது அவள் பேர்தான். கடையில் நடப்பதும் அவள் சொல்தான்.

"இன்னும் ஆகலையா?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம் லெட்சுமி."

"விஜயதசமி அன்னிக்கு மொதல் தையலே விழல. ஒரு வருஷம்கூட இப்படி ஆனதில்ல." அவள் நட்டாலியைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னாள். "பூசைக்கு எடுத்தப்போ சரக்குனு புடுங்கியிருப்பே."

"இல்லத்தே. கம்ப்யூட்டர்ல சொல்லிட்டுத்தான் எடுத்தேன்."

"கம்ப்யூட்டர்கிட்ட சொன்னே சரி. எல்லாக் கையும் எல்லாத்துக்கும் ஆகி வராதும்மா. மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா பழைய ஆளு மோகனாவை வரச் சொல்லிடறேன். அவ தாள்ல வரைஞ்சு கையால போடுவா. நீ முன்னாடி கவுண்டர்ல இரு. சிரிச்ச முகம், துணி நல்லா விக்கும்."

திட்டாமல் சொன்னாள். அதனால்தான் வலித்திருக்க வேண்டும். நட்டாலி "சரித்தே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசுவுக்கு மனசு கேட்கவில்லை. மகன் தனேஷைக் கட்டிக்கொண்டு இந்தப் பெண் வந்தபோது, சர்ச்சில் ஒருதரம், கோயிலில் ஒருதரம் என்று இரண்டு கல்யாணம் நடந்தது. தனேஷ் பத்து காவான் என்கிற ஊரில் கம்பெனி வேலைக்குப் போய்விடுவான். இவள் விளம்பரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தப் பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். ஊசி எடுக்கத் தெரியாதவள் மயிலின் கழுத்தை இத்தனை விதமாக வளைக்கலாமென்று காட்டினாள். அவளிடமிருந்து இந்த நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டால், அப்புறம் இந்த வீட்டில் அவளுக்கு விருந்தாளி வேலைதான் மிச்சம்.

"நான் சாதிக் பாய் கடைக்குக் கொண்டு போறேன்," என்றார்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க மாமா," என்றாள் நட்டாலி அவசரமாக. "கோளாறு கம்ப்யூட்டர்லயா டிஸ்க்லயான்னு அங்கேயே பார்த்துடட்டும். இங்க வேணாம்."

துணிக்கட்டு தள்ளுகிற தள்ளுவண்டியில் கம்ப்யூட்டரை ஏற்றி, மேலே டிஸ்க்கை வைத்து, பழைய வேட்டியால் போர்த்தி, வாசு கிளம்பினார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். நகைக்கடைக்காரர், "என்ன அண்ணே, யாரு, நம்மாளா?" என்று போர்த்தியிருந்ததைப் பார்த்துக் கேட்டார். "உயிர் இருக்கு லா, வழி விடு," என்றார் வாசு.

சாதிக் பாயின் கடை சூலியா ஸ்ட்ரீட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது. கேபிள்களும் சார்ஜர்களும் கூரையிலிருந்து புடலங்காய் மாதிரி தொங்கும். பாயும் வாசுவும் பழைய எதிரிகள். அதாவது, ஒருவருக்கொருவர் நிரந்தர வாடிக்கை.

"வாங்க தவுக்கே, வாங்க முதலாளி. பசியாறியாச்சா?"

"பசியாற எங்க பாய் நேரம். வீட்ல சாமியே வெளிநடப்புப் பண்ணிடும் போல இருக்கு. இதைப் பாருங்க. பார்க்கறதுக்குக் காசு கேட்டீங்கன்னா அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிடுவேன்."

"பார்க்கறது சும்மா. பார்த்ததைச் சொல்றதுக்குத்தான் காசு."

பாய் அவசரப்படவில்லை. தன் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் சொருகினார். டிங், டுங். தொங்கிக்கொண்டிருந்த புதுக் கேபிள் ஒன்றை உருவி மாற்றிச் சொருகினார். டிங், டுங். பிறகு வாசு கொண்டுவந்த கம்ப்யூட்டரில் வேறொரு டிஸ்க்கைச் சொருகினார். நீல விளக்கு ஜோராக எரிந்தது.

"பெரியவர் மேல குத்தமில்ல," என்று கம்ப்யூட்டரைத் தட்டினார். "கேபிள் மேலயும் இல்ல. கோளாறு இந்தச் சின்னதுகிட்டதான்."

டிஸ்க்கின் விளிம்பில் கேபிள் சொருகுகிற பொந்தை டார்ச் அடித்து, கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசுவைப் பார்த்தார்.

"தவுக்கே, இதுக்கு என்ன சாப்பாடு போட்டீங்க?"

"என்ன பாய்?"

மெல்லிய குச்சியால் பொந்தின் ஓரத்தைச் சுரண்டி, ஒரு வெள்ளைத் தாளில் தட்டினார் பாய். மஞ்சளாக ஒரு பொருக்கு விழுந்தது. வாசு அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

கொண்டுபோயிருக்கவே வேண்டாம். சந்தனம். பன்னீர் விட்டுக் குழைத்த, கடையின் சரஸ்வதி பூசைச் சந்தனம்.

வாசுவுக்கு நேற்றைய காரியம் முழுவதும் கண்ணெதிரே வந்து நின்றது. வருஷா வருஷம் அது அவர் வேலை. கத்திரிக்கோல், அளவு நாடா, தையல் மெஷின், கல்லாப்பெட்டி, ரோலிங் ஷட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைப்பார். "ஒண்ணையும் விட்டுடாதீங்க" என்று ஜெயலெட்சுமி பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவாள். இந்த வருஷம் படையலில் புதிதாக இந்தக் கறுப்புப் பெட்டி. மேலே வைத்தால் வழவழப்பில் சந்தனம் வழுக்கி வழுக்கி ஓடியது. எங்கே வைப்பது? திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சின்னப் பொந்து. பெட்டிக்கு முகம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று தோன்றியது. நிற்க வேண்டுமே என்று கட்டைவிரலால் அழுத்தி வேறு வைத்தார். வைத்துவிட்டு, பொட்டு நன்றாகப் பதிந்ததில் சந்தோஷப்பட்டதும் ஞாபகம் வந்தது.

"காய்ஞ்சு கெட்டியாயிருக்கு," என்றார் பாய். "காலையிலேர்ந்து திரும்பத் திரும்பச் சொருகினதுல நல்லா உள்ள ஏறியிருக்கு. பயப்படாதீங்க, டிஸ்க் உயிரோடதான் இருக்கு. வாயைத்தான் அடைச்சிருக்கீங்க."

ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்து, பல் விளக்குகிற மாதிரி பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். வாசு ஸ்டூலில் உட்கார்ந்தார். பால் விடாத தே ஓ வந்தது. குடிக்கவில்லை. காலையில் தான் கைகட்டி நின்றதும், நட்டாலி மேசைக்கடியில் குனிந்து குனிந்து எழுந்ததும், "எல்லாக் கையும் ஆகி வராது" என்று ஜெயலெட்சுமி சொன்னதும் வரிசையாக வந்தன. ஆகி வராத கை இப்போது அவர் மடியில்தான் இருந்தது.

ஆனால் வியாபாரி புத்தி எங்கே போகும். இறுகக் கட்டின சரக்கிலும் ஒரு வழி தேடும்.

"பாய், ஒரு ஒத்தாசை. வீட்ல கேட்டா, கேபிள்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமா? நீங்களும் அதையே சொல்லணும்."

பாய் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அலமாக்! தவுக்கே, நான் பொய்யே சொல்ல மாட்டேன்னு சொல்லல. வியாபாரம் பண்றேன். ஆனா ஒரே பொய்யை ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு எப்படி விக்கறது?"

"ரெண்டு பேரா?"

"நீங்க வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றதுக்குள்ள உங்க மருமவ போன் பண்ணிருச்சு. 'பாய், மாமா வர்றாங்க. பொந்துக்குள்ள மஞ்சளா இருக்கும், மாமாவுக்குத் தெரியாம எடுத்துடுங்க. யாரு கேட்டாலும் கேபிள்னு சொல்லிடுங்க'ன்னுச்சு. நான்தான் மறந்துபோய் உங்க முன்னாலயே சுரண்டிட்டேன்."

வாசு ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"கேபிள் முனையில ஒட்டியிருந்துச்சாம். வாசனை வந்துச்சாம்."

"தெரிஞ்சுக்கிட்டா காலையில வாயைத் திறக்கலை? அத்தை அந்தப் பேச்சு பேசறப்போ?"

"அதை என்கிட்ட கேட்டா?" பாய் பொந்தை ஊதினார். "எங்க வீட்டுக்கும் மருமவ வந்திருக்கு. சில கேள்விக்கு நமக்கே விடை தெரியும், அதைக் கேக்காம இருக்கறதுதான் நல்லது."

பாய் சொருகினார். டிங். இரண்டு பேரும் டுங்குக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. நீல விளக்கு எரிந்து, எரிந்தபடியே நின்றது. திரையில் மயில்கள் வரிசையாக வந்து இறங்கின. வாசுவுக்குக் கண் கலங்கிற்று. ஸ்பிரிட் வாடை என்று சொல்லிக்கொண்டார்.

புதுக் கேபிள் ஒன்றையும் வாங்கிக்கொண்டார், பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்புகிற வழியெல்லாம் கணக்குப் பார்த்தார். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளும் அதையே சொல்லச் சொன்னாள், நானும் அதையே சொல்லப்போகிறேன். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட வியாபாரம். கேபிளுக்கு வாயும் கிடையாது, மாமியாரும் கிடையாது. அதன் மேல் பழியைப் போட்டால் யாருக்கு நஷ்டம்?

கடைக்கு வந்ததும், நட்டாலியே எல்லாவற்றையும் பொருத்தி முடித்தாள். நீல விளக்கு எரிந்ததும் மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார். எம்பிராய்டரி மெஷினுக்குள் மயில் போய்ச் சேர்ந்தது.

சத்தம் கேட்டு ஜெயலெட்சுமி வந்தாள். "வந்துருச்சா! முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்னவாம் கோளாறு?"

"கேபிள்," என்றார் வாசு. "பழைய கேபிள் போயிருச்சாம். பாய் புதுசு கொடுத்தாரு."

"கேபிளா?"

"ஆமாத்தே, கேபிள்தான்," என்றாள் நட்டாலி.

ஜெயலெட்சுமி மேசையில் கிடந்த பழைய கேபிளை எடுத்து, முனையைத் திருப்பிப் பார்த்தாள். நல்ல வேளை, நட்டாலி அதைத் துடைத்து வைத்திருந்தாள்.

"நான் காலையிலயே சொன்னேன்ல," என்றாள் ஜெயலெட்சுமி. "புடுங்கின வேகம். கேபிள் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நாளைக்கு டிஸ்க்கே போகும். தீபாவளி நேரத்துல நெஞ்சு பதற எனக்குத் தெம்பு இல்லம்மா. மோகனாகிட்ட பேசிட்டேன். அவ வந்து இதைப் பார்த்துக்கட்டும். உன் டிசைன் எல்லாம் எங்க இருக்குன்னு மட்டும் அவளுக்குக் காட்டிடு. தப்பா எடுத்துக்காதே."

வாசு நட்டாலியைப் பார்த்தார். இப்போதாவது சொல்வாள் என்று நினைத்தார். அவள் உதட்டை மடித்துக்கொண்டு, தன் பென்சிலையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்தாள். நாற்காலி முதுகில் போட்டிருந்த சால்வையை எடுத்தாள். எடுத்து மடிக்கவும் செய்தாள்.

அந்த மடிப்பைத்தான் வாசுவால் பார்க்க முடியவில்லை. எத்தனையோ பேர் விலை படியாமல் கடையைவிட்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறார். இரண்டு அடி போனதும் கூப்பிடுவார், திரும்பி வருவார்கள். இவள் போனால் கூப்பிட்டாலும் வரமாட்டாள். வந்தாலும் "சரித்தே, சரி மாமா" என்று சொல்லிக்கொண்டு, சிரித்த முகமாகக் கவுண்டரில் நின்றுகொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

"லெட்சுமி," என்றார். "கேபிள் நல்லாத்தான் இருக்கு."

"என்ன?"

"மாமா, வேணாம்," என்றாள் நட்டாலி.

"சும்மா இரும்மா. லெட்சுமி, அது சந்தனம். நேத்துப் பொட்டு வெச்சேன்ல? டிஸ்க்குல வழுக்கிச்சு. அதனால அந்தப் பொந்துல வெச்சேன்."

ஜெயலெட்சுமி டிஸ்க்கைப் பார்த்தாள். அந்தப் பொந்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"கேபிள் போற ஓட்டையிலயா?"

"நீதானே ஒண்ணையும் விட்டுடாதீங்கன்னே?"

"ஒண்ணையும் விடாதீங்கன்னேன். ஓட்டைக்குள்ள விடுங்கன்னா சொன்னேன்? போற போக்குல மிக்ஸிக்குள்ள குங்குமம் போட்டீங்களா? டீவிக்குள்ள பூ வெச்சீங்களா?"

"பெட்டிக்கு முகம் எதுன்னு தெரியல."

"உங்களுக்கு எதுக்குத்தான் முகம் தெரிஞ்சுது!"

இன்னும் நிறைய இருந்தது அவளிடம். ஆனால் பாதியில் நின்றுவிட்டாள். திரும்பி, சால்வையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நட்டாலியைப் பார்த்தாள்.

"இவரு ஏன் உன்னைச் சும்மா இருன்னாரு? உனக்குத் தெரியுமா?"

நட்டாலி தலையாட்டினாள்.

"எப்பலேர்ந்து?"

"காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி கடைசியா புடுங்கினப்ப வாசனை வந்துச்சு அத்தே."

"அப்ப நான் பேசினப்போ?"

"தெரியும்."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லியிருக்கலாம்ல?"

நட்டாலி சால்வையின் நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மாமா சொன்னா, மாமா ஏதோ தெரியாம வெச்சுட்டாருன்னு இருக்கும். நான் சொன்னா, பூசை பண்ணதாலதான் கெட்டுப்போச்சுன்னு மாதா கோயில் பொண்ணு சொல்றான்னு ஆயிடும். அதுக்குக் கேபிள் புடுங்கினவங்கற பேரே பரவால்லன்னு தோணுச்சு."

பின்கட்டில் மெஷின் மட்டும் தடதடவென்று மயிலுக்கு முதுகு போட்டுக்கொண்டிருந்தது. வாசு, 'அப்படியெல்லாம் யாரும் நினைக்க மாட்டோம்மா' என்று சொல்ல வாயெடுத்தார். ஜெயலெட்சுமி கையைக் காட்டி அவரை அடக்கினாள்.

"ஆமா," என்றாள். "அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு நட்டாலியின் கையிலிருந்து சால்வையை வாங்கி, நாற்காலி முதுகில், முன்பு இருந்த மாதிரியே போட்டாள்.

"உக்காரு."

"மோகனாக்கா வர்றாங்கன்னு..."

"வந்தா கொக்கி தைக்கட்டும். மலையா குவிஞ்சு கிடக்கு. உக்காரும்மா, அண்ணாந்து பார்த்துப் பேச எனக்குக் கழுத்து வலிக்குது."

நட்டாலி உட்கார்ந்தாள். முன்பக்கத்தில் யாரோ "கடையில ஆள் இருக்கா லா?" என்று கூப்பிட்டார்கள்.

"நீங்க போங்க," என்றாள் ஜெயலெட்சுமி புருஷனிடம். "சிரிச்ச முகமா நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

வாசு நகர்ந்தார். ஆனால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். முன்னால் வந்தவர் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தார், பாதகமில்லை.

"அடுத்த வருஷம் சந்தனக் கிண்ணம் உன் கையிலதான்," என்று ஜெயலெட்சுமி உள்ளே சொல்வது கேட்டது. "எதுக்கு எங்க வைக்கலாம்னு உனக்குத்தான் தெரியுது."

"நானா அத்தே? பொட்டு வைக்கறதா?"

"ஏன், மாதா கோவிச்சுக்குவாங்களா?"

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. எங்கம்மாதான்."

"உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். கிறிஸ்மஸுக்கு அவங்க செஞ்ச அந்த வட்டக் கேக்கை நான் குறை சொல்லாம தின்னேன்ல?" கொஞ்சம் நிறுத்தி, "அதென்ன, கழுத்துக்குப் பச்சை போட்டிருக்கே?"

"மயிலுக்குப் பச்சைதானே அத்தே?"

"நீலம் போடு. பச்சை கண்ணுக்கு எரியுது."

"கஸ்டமர் பச்சைதான் கேட்டாங்க."

"கஸ்டமருக்கு என்ன தெரியும்?"

"போட்டுக்கப் போறது அவங்கதானே? நீலம் கிடையாது அத்தே, பச்சைதான்."

மாமியாரிடம் 'கிடையாது' என்று அவள் சொல்லி வாசு கேட்டதில்லை. அவர் திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிவிட்டு, துணி பார்க்க வந்தவரிடம் போனார்.